சோப்புப் படக் கூடாத சட்டி

1

வருகிற வாரம் எங்கள் மாமாவுக்குத் தலைத்திவசம். மாமா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் தகப்பனாரை. சங்கரன்கோவிலில் கொழுந்தனார் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். இங்கே மிச்சிகனில் நான் வாழையிலைக்காக அலைந்தேன். ஒரு கடையில் கிடைத்தது, ஐஸ்பெட்டியில் வைத்த இலை. வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தால் மடிப்பு மடிப்பாகக் கிழிகிறது. கிழிந்த இலையில் படையல் போடலாமா கூடாதா என்று கேட்பதற்கு இந்தத் தெருவில் ஆள் கிடையாது. கோமதியம்மன் படத்துக்கு முன்னால் நின்று, தாயே, நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு இலையைத் திரும்பவும் சுருட்டி வைத்தேன்.

போன மார்கழியில் மாமா தவறிப்போனபோது மூத்த மகன் வரவில்லை என்று ஊரில் பேசினார்கள். பேசினவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் பேசியிருப்பேன். ஆனால் வராத மகன் இங்கே என்ன செய்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. கூட்டியும் சொல்லாத, கொறச்சும் சொல்லாத" என்றார்.

கூட்டாமல் குறைக்காமல் சொல்லவேண்டுமென்றால் ஒரு ரொட்டிச் சட்டியிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும்.

2

எங்கள் பக்கத்து வீட்டில் டோரத்தி என்று ஒரு அம்மாள் இருந்தார்கள். வெள்ளைக்காரி, தனிக்கட்டை. முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தபோது என் மகளுக்கு அந்தச் சட்டியைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கே போய்த்தான் உட்கார்ந்திருப்பாள். மாவு பிசையக் கற்றுக்கொண்டது அந்த அடுப்படியில்தான்.

சட்டி என்றால் வட்டமாக நினைக்கவேண்டாம். செங்கல்லைவிடக் கொஞ்சம் நீளம், நல்ல ஆழம், கையில் எடுத்தால் அம்மிக்குழவி மாதிரிக் கனம். வெளிப்பக்கம் காவி நிறம். உட்பக்கம் கருகரு என்று கிடந்தது. ஸ்டோன்வேர் என்றார்கள். ஸ்டோன் என்றால் கல் என்பது எனக்குத் தெரியும். நம் ஊர்க் கல்சட்டிக்கு ஏதோ சொந்தக்காரி போல என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. இத்தனை வயசுப் பெண்பிள்ளை ஒரு சட்டியை உருப்படியாகத் தேய்த்து வைக்கவில்லையே என்று நினைத்தேன். நாம் வளர்ந்தது அப்படி. பாத்திரத்தில் முகம் தெரியவேண்டும், இல்லாவிட்டால் போன வீட்டில் பெயர் கெட்டுப்போகும். சோப்பைக் கொட்டி ஊறவைத்து, கம்பிநார் கொண்டு கை வலிக்கத் தேய்த்தேன். பாதிக் கறுப்பு போயிற்று. எனக்குத் திருப்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் அதில் ரொட்டி சுட்டாள். முதல் துண்டை வாயில் வைத்தவள் அப்படியே துப்பினாள்.

"அம்மா, எலுமிச்சை சோப்பைக் கடிச்ச மாதிரி இருக்கு."

அப்போது இன்னும் வீட்டைக் காலி செய்யாத டோரத்தி அம்மாள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. அப்புறம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மகள் தமிழில் சொல்ல, நான் தலையாட்டினேன். அந்தச் சட்டிக்கு மேல்பூச்சு கிடையாது. அதனால் எதைப் போட்டாலும் குடித்துவிடும். சோப்புப் போட்டால் சோப்பைக் குடித்து, அடுத்த ரொட்டியில் கக்கும். சுட்டு எடுத்ததும் தண்ணீரில் காட்டக் கூடாது, தானாக ஆறவேண்டும். ஒட்டினதை மரச்சில்லால் சுரண்டி, வெறும் வெந்நீரில் துடைக்கவேண்டும். போகாத பிசுக்குக்குச் சோடா உப்பைக் குழைத்துப் பூசி, கொஞ்சம் நேரம் விட்டுச் சுரண்டினால் போதும். பிறகு ஒருநாள் முழுக்கக் காயவேண்டும். ஈரத்தோடு எடுத்து வைத்தால் பூஞ்சை வாடை வந்துவிடும். எண்ணெய் விரலில் தொட்டுத் தடவினால் போதும், அதிகமானால் பிசின் மாதிரி ஒட்டும். கறுக்கக் கறுக்கத்தான் ரொட்டி ஒட்டாமல் வரும்.

தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்தாலும், கழுவாத ஒன்றைக் கழுவினதாக நினைத்து அலமாரியில் வைப்பதற்கு என் மனசு பழக வெகுகாலம் ஆயிற்று.

3

மகளின் பெயர் ஆவுடையம்மாள். மாமாவின் தாயார் பெயர், கோமதியம்மனுக்கும் அந்தப் பெயர் உண்டு. இங்கே டீச்சருக்கு வாயில் நுழையவில்லை. சுருக்கி ஆவி என்று ஆக்கிவிட்டார்கள். முதல்முதல் ஒரு பிள்ளை வாசலில் நின்று "ஆவி இருக்கா?" என்று இங்கிலீஷில் கேட்டபோது நான் அம்மன் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். மாமாவிடம் போனில் சொன்னபோது, "பெத்த பிள்ளைய ஆவிங்கான், நீயும் ஏன்னு கேக்கலயா? வெளங்கும்" என்றார்.

மாமா விசைத்தறிப் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர். தறிச் சத்தத்தில் இருந்து இருந்து, போனிலும் கத்தித்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அங்கன மணி என்ன?" சொன்னதும் ஒருமுறை கூட நம்பினதில்லை. "இங்கன இருட்டிட்டு, அங்கன இப்பந்தான் விடியுதாக்கும்" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வார். அதற்கப்புறம் அவருக்கும் மகனுக்கும் பேச ஒன்றும் இருக்காது. இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மகள் அந்த நேரத்தில்தான் ரொட்டி சுடுவாள். வாரத்தில் அவள் எங்களோடு ஒரே அறையில் இருப்பது அந்தப் பொழுது மட்டும்தான். மற்ற நாட்களில் கதவு சாத்தியிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் "வர்றேன்" என்று குரல் வரும், ஆள் வராது. எங்கள் தமிழ் அவளுக்குப் பாதி, அவள் இங்கிலீஷ் எங்களுக்குப் பாதி. மாவு பிசையும்போது மட்டும் மனசுவிட்டுப் பேசுவாள். அவள் அப்பா சட்டியிலிருந்து ரொட்டியைக் கவிழ்த்துத் தருவார், நான் சட்டியைச் சுரண்டுவேன். கோயிலுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும் எனக்கு. ஆகையால் அந்தச் சட்டியை நான் சாமி சாமான்களுக்கு அடுத்தபடியாகப் பார்த்துக்கொண்டேன்.

4

மாமா போன செய்தி வந்தது இங்கே காலை நேரம். இங்கேயே தங்கியிருக்க நாங்கள் போட்ட பச்சை அட்டை மனு அப்போது நிலுவையில் இருந்தது. வெளியே போய்வரப் பயண அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு. அது காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்தது வரவில்லை. அது இல்லாமல் விமானம் ஏறினால் மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். வேலையும் போகும், பிள்ளை படிப்பும் போகும்.

என் வீட்டுக்காரர் குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் செய்தார். வெகுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் எடுத்தாள். இவர் நம் ஊர் வழக்கப்படி, "மை ஃபாதர் எக்ஸ்பயர்டு" என்றார். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள், எது காலாவதியாகிவிட்டது ஐயா, உங்கள் அனுமதிச் சீட்டா? மகள் போனை வாங்கி, இறந்துவிட்டார் என்று வேறு வார்த்தையில் சொன்னாள். அவசரம் என்றால் நேரில் வரலாம், நான்கு நாள் கழித்து இடம் இருக்கிறது என்றார்கள்.

போனை வைத்துவிட்டு அவர் என்னிடம், "ரெண்டும் எக்ஸ்பயர்டுதான்னு சொல்லிருக்கலாம்" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

நான்கு நாள் யார் காத்திருப்பார்கள்? மறுநாளே எடுத்துவிட்டார்கள். எங்களில் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று சுற்றி, பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டியவன் அவன்தான். இவருக்குப் பதிலாகத் தம்பி தூக்கினார். யாரோ ஒருவர் போனில் காட்டினார். மூன்றாவது சுற்றில் படம் உறைந்துபோயிற்று. தம்பியின் தோளில் குடம் அப்படியே நிற்கிறது, தண்ணீர் வழிவதும் அப்படியே நிற்கிறது. திரும்பத் தொடர்பு கிடைத்தபோது தீ எரிந்துகொண்டிருந்தது.

5

தீட்டு என்று சாமி அலமாரியில் துணியைத் தொங்கவிட்டேன். விளக்கு ஏற்றவில்லை. அவர் வேலைக்குப் போனார், வந்தார். துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை. வேலை இடத்தில் ஒரு இரங்கல் அட்டை கொடுத்தார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மைக்ரோவேவ் மேலே வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பதினைந்தாம் நாள் சாயங்காலம், சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்.

"நாளைக்குப் பதினாறு. தீட்டுக் கழிய, வீட்ல பொழங்குன மண்சட்டிய வெளிய போட்டு ஒடைக்கணும்."

"நம்மகிட்ட மண்சட்டி எங்க இருக்கு?" என்றேன்.

அவர் அடுப்புப் பக்கம் பார்த்தார். மகளும் பார்த்தாள். அவளுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் பார்வை புரிந்துவிட்டது.

"அப்பா, அது ஸ்டோன்வேர். ஸ்டோன்."

"பேருதான் கல்லு. மண்ணப் பெசஞ்சு சுட்டதுதான்."

"அது என்னோடது. டோரத்தி எனக்குக் குடுத்தா."

"வேற வாங்கித் தாரேன், மக்கா."

"வேற வாங்கினா அது இது இல்லப்பா. இது இப்படி ஆக எத்தனை வருஷம் ஆச்சு?" அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "நீங்க ஃபியூனரலுக்குப் போகலைன்னா என் சட்டி என்ன பண்ணுச்சு?"

அவர் கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார். இலைக்குப் பதிலாக ஒரு பேப்பர் தட்டு, அதில் சோறு அப்படியே கிடந்தது. மகள் மாடியேறிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஊருக்குப் போன் போட்டேன். கொழுந்தனார் மனைவி செல்வி எடுத்தாள். நெற்றியில் திருநீறு, பின்னால், பதினாறுக்கு வந்து இன்னும் கலையாத கூட்டம். சட்டியைப் போனில் காட்டினேன்.

"ஏ செல்வி, நல்லாப் பாத்துச் சொல்லு. இது கல்லா, மண்ணா?"

"எக்கா, கிட்டக் காட்டு... தட்டு, சத்தம் கேக்கட்டும்." தட்டினேன். "மண்ணுதான்க்கா. கூரை ஓட்டத் தட்டுன மாதிரில்லா சத்தம் வருது."

"அப்ப ஒடைக்கணுமா? நீங்க அங்கன ஒடைச்சியளா?"

"எங்கள கேட்டா? இங்கன எல்லாம் குக்கரும் எவர்சில்வரும்தான். மீன்சட்டி ஒண்ணு கெடந்துச்சு, அத வெளிய வச்சேன், யாரோ எடுத்துட்டுப் போய்ட்டாவ. சாப்பாடே கேட்டரிங்காரன்தான் கொண்டாந்திருக்கான். நீ அந்தூர்ல இருந்துக்கிட்டு மண்ணா கல்லான்னு பாத்துக்கிட்டு இருக்க."

"உங்க அத்தான்லா சொல்லுதாக."

செல்வி கூட்டத்திலிருந்து தள்ளி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "எக்கா, ஒண்ணு சொல்லுதேன். அன்னைக்கு அஸ்தி அள்ளிக் காடாத்திட்டு வந்ததும் அத்தான் எங்க வீட்டுக்காரவுகளுக்குப் போன் போட்டாக. அப்பா மொகம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கல, கூட்டம் வந்துச்சான்னு கேக்கல. 'கொடம் சரியா ஒடஞ்சுதாலே'ன்னு அத மட்டுந்தான் கேட்டாக. இவுக சொல்லிச் சொல்லி அழுதாக."

போனை வைத்துவிட்டுச் சட்டியை மேடையில் இறக்கி வைத்தேன். இவருக்குத் தீட்டு ஒரு சாக்கு. இந்த வீட்டில் தேடித் தேடிப் பார்த்து, உடைப்பதற்கு மண்ணால் ஆனது இது ஒன்றுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

மாடிக்குப் போய் மகளை எழுப்பிச் சொன்னேன். கொள்ளிக்குடம் என்றால் என்ன, மூத்தவன் என்றால் என்ன, எல்லாம். எனக்குத் தெரிந்த தமிழில், தெரிந்த இங்கிலீஷில். அவள் போர்வையோடு உட்கார்ந்து கேட்டாள். பிறகு என் பின்னாலேயே கீழே இறங்கி வந்தாள்.

6

அவர் குளித்து வேட்டி கட்டியிருந்தார். வேட்டிக்குக் கீழே பனி பூட்ஸ். மேலே துண்டு மட்டும். கோட்டைப் போடுங்கள் என்றேன், கேட்கவில்லை. சட்டியைக் கையில் எடுத்தவர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்து, இடது தோளில் வைத்தார். நீளச் சட்டி, தோளில் எப்படி நிற்கும்? இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து இறங்கினார்.

நானும் மகளும் அடுக்களை வாசலோடு நின்றுவிட்டோம். பெண்கள் அதற்குமேல் போவதில்லை. எனக்கு அது பழக்கம். அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளாக நின்றாள்.

முழங்கால் அளவு பனி. நடுவில் ஒரு இடத்தை வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். அந்த நடுவில் ஒன்றும் கிடையாது, வெறும் பனிதான். தண்ணீர் தளும்பி முதுகில் வழிந்தது. ஊரில் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போட ஆள் நிற்பான், அழுகைச் சத்தம் கேட்கும், சங்கு ஊதுவார்கள். இங்கே பூட்ஸ் பனியில் புதைகிற சத்தம் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் டோரத்தி வீட்டுக்குப் புதிதாக வந்தவர் காரின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அதை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். என்ன நினைத்தாரோ, தெரியாது.

மூன்றாவது சுற்று முடிந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டியைப் பின்பக்கமாக விட்டார்.

அது உடையவில்லை.

பொத்தென்று பனிக்குள் போய்ச் சாய்ந்துகொண்டது. ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. மண் உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சத்தம் வரவில்லை. அவர் அப்படியே நின்றார். திரும்பிப் பார்க்கக் கூடாது.

"ஏட்டி," என்றார், திரும்பாமல். "ஒடஞ்சுதா?"

எனக்குப் பக்கத்தில் மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் சட்டியின் மேல் இருந்தது. நான் துணி மூடிய சாமி அலமாரியை ஒருமுறை பார்த்தேன்.

"ஒடஞ்சிட்டு," என்றேன். "நல்லா ஒடஞ்சிட்டு. நீங்க முன்வாசல் வழியா வாங்க."

அவர் திரும்பாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே போனார். அன்றைக்கு வரைக்கும் அவர் அழவே இல்லை.

அவர் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது மகள் போய்ச் சட்டியை எடுத்துவந்தாள். பனியைத் தட்டி, துண்டால் துடைத்து, காயட்டும் என்று காத்திருப்பது மாதிரி முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தாக்குப் பண்றது முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சிட்டு."

"அப்ப இது எனக்கா?"

"உனக்குத்தான். ஆனா இந்த வீட்டு அடுப்புல வைக்காத."

அவள் சட்டியைத் துண்டில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனாள்.

7

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ரொட்டி சுடவில்லை. வேறு தகரத் தட்டு இருக்கிறது, அதில் சுடலாமே என்றேன். சுடலாம் என்றாள், சுடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு ஊரிலிருந்து போனும் வருவதில்லை. அவர் கடையிலிருந்து ரொட்டிப் பொட்டலம் வாங்கிவருவார். அதை மூன்று பேரும் மூன்று நேரத்தில் தின்போம். அப்பாவும் மகளும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. ஒருவரையொருவர் மரியாதையாக நடத்திக்கொண்டார்கள். சண்டை வந்தால்கூடத் தேவலை என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

பயண அனுமதி சித்திரையில் வந்தது. கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். ஊருக்குப் போவோமா என்றேன். "யாரப் பாக்க?" என்றார்.

ஆவணியில் மகள் கல்லூரிக்குக் கிளம்பினாள். ஐந்து மணி நேரத் தூரத்தில் வேறு ஊர், அங்கே அடுப்படியோடு ஒரு அறை, மூன்று பிள்ளைகளோடு சேர்ந்து. தாத்தா திவசத்துக்கு வந்துவிடு என்று சொல்லியிருந்தேன். பரீட்சை இருக்கிறது என்று நேற்றுச் சொல்லிவிட்டாள். ஆக, இலை இரண்டு பேருக்குப் போதும்.

அவள் போன நாளையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கொண்டுபோய் விடுகிறோம் என்றதற்கு, வேண்டாம், சிநேகிதி கார் ஓட்டுகிறாள் என்றாள். அவர் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் காரின் பின்னால் அடுக்கினார். புத்தகப் பெட்டி, துணிப் பெட்டி, செருப்புப் பெட்டி. அப்புறம் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டியது. அதைத் தூக்கினவர் அப்படியே நின்றார். அளவுக்கு மீறின கனம். கையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கனத்தைக் கவிழ்த்து ரொட்டி எடுத்தவர்.

காரில் ஏறி உட்கார்ந்திருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார், நான் என்ன சொல்வேன்?

அவர் கேட்கவில்லை. பெட்டியைப் பின்னால் வைக்காமல் முன்பக்கம் கொண்டுவந்து, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இத டிக்கில வைக்க வேண்டாம். மடியில வச்சுக்கோ."

"கனமா இருக்கும்பா."

"இருக்கட்டும், மக்கா. வச்சுக்கோ."

அவள் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கார் கிளம்பிற்று. அவர் தெருவில் இறங்கி நின்றார். கார் முனை திரும்பிய பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.